கிட்னிக் கட்டி ரிப்போர்ட்டில் "ஐ.எச்.சி. அட்வைஸ்டு" என்று இருந்தால்: பிளாக் வாங்குவது முதல் மரபணுச் சோதனை வரை

என் கணவருக்கு இடது கிட்னியில் ஆறரை சென்டிமீட்டர் கட்டி. தை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊர் தனியார் மருத்துவமனை ஒன்றில் கிட்னியோடு சேர்த்து எடுத்தார்கள். எட்டாம் நாள், எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதும் பேத்தாலஜி ரிப்போர்ட் வந்தது. "பாப்பில்லரி ரீனல் செல் கார்சினோமா, டைப் 2" என்று ஒரு வரி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "ஐ.எச்.சி. அட்வைஸ்டு", அதாவது கட்டியில் எந்தப் புரதம் இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை தேவை என்று. அந்தச் சின்ன எழுத்தை யாரும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. "கட்டியை முழுசா எடுத்தாச்சும்மா" என்ற வார்த்தையே போதும் என்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அது பாப்பில்லரி இல்லை, எஃப்எச் (ஃபூமரேட் ஹைட்ரடேஸ் என்ற நொதி) குறைபாட்டுச் சிறுநீரகப் புற்றுநோய் என்ற அபூர்வ வகை என்று உறுதியாக அதன்பிறகு 58 நாள் ஆயிற்று. வழி தெரிந்திருந்தால் இருபது நாளில் முடிந்திருக்கும். மீதி நாட்களெல்லாம் தப்பான கவுன்ட்டரில் நின்றதிலும், தப்பான கண்ணாடி ஸ்லைடைக் கொண்டு போனதிலும் போனவை. நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட ஆசிரியை. எந்தச் சிகிச்சை எடுக்கலாம் என்று இதில் சொல்லப் போவதில்லை. சரியான ரிப்போர்ட்டை எப்படி வாங்குவது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் நூற்றுக்கு 70 முதல் 75 வரை கிளியர் செல் என்ற வகை. அதற்கு அடுத்து பாப்பில்லரி, பிறகு குரோமோஃபோப். இவை மூன்றும் எந்த ஊர் லேபுக்கும் பழக்கமானவை. மிச்சம் இருக்கும் சின்னப் பங்கில்தான் ஒன்றுபோல் இன்னொன்று தோற்றம் காட்டும் பத்துப் பதினைந்து வகைகள் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு மருந்து வேறு, பரிசோதனை இடைவெளி வேறு. சில வகை குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வரக்கூடியது. பெயர் தப்பானால் அதைத் தொடர்ந்து செய்யும் எல்லாமே தப்பாகும்.

## 1. அறுவைக்கு முந்தின நாள்: வாளியைப் பற்றிக் கேளுங்கள்

அறுவை முடிந்தவுடன் தியேட்டருக்கு வெளியே கூப்பிட்டு, எடுத்த கிட்னியை உறவினர்களுக்குக் காட்டுவார்கள். அப்புறம் அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, சதை கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் என்ற திரவத்தை ஊற்றுவார்கள். லேப் வெளியில் இருந்தால் அந்த வாளி பல இடங்களில் உறவினர் கைக்கே வந்துவிடும். என் கைக்கும் வந்தது.

ஃபார்மலின் சதைக்குள் இறங்கும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கொழுப்போடு சேர்ந்த முழுக் கிட்னியை அப்படியே மூழ்க விட்டால், நடுவில் இருக்கும் கட்டிக்கு மருந்து போய்ச் சேர்வதற்குள் அது கெட ஆரம்பித்துவிடும். அதனால் கிட்னியை நடுவே பிளந்துதான் ஃபார்மலினில் போட வேண்டும். அதுவும் சதையின் அளவைப்போல் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும். பிளப்பது சர்ஜனோ பேத்தாலஜிஸ்டோ செய்ய வேண்டிய வேலை. நாம் செய்யக்கூடியது, முந்தின நாளே இந்த மூன்றையும் கேட்டு வைப்பது:

- சாம்பிள் எந்த லேபுக்குப் போகிறது, அன்றே போகுமா?
- போகவில்லையென்றால் யார் பிளந்து வைப்பார்கள்?
- வாளி மேல் பெயர், வயது, ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), வலதா இடதா என்ற நான்கும் எழுதியிருக்கிறதா?

எங்களுக்குச் சனி சாயங்கால அறுவை. ஞாயிறு லேப் விடுமுறை. முழுக் கிட்னி வாளியில் திங்கள் காலை வரை இருந்தது. பின்னால் ஸ்லைடைப் பார்த்த இரண்டாவது டாக்டர் "நடுப்பகுதி சரியாகப் பதப்படவில்லை, ஓரத்துப் பிளாக்குகள்தான் உபயோகப்படும்" என்றார் (பிளாக் என்பது மெழுகில் பதித்த கட்டித் துண்டு). அவசரமில்லாத அறுவை என்றால் வார நடுவில் தேதி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

## 2. ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மைக்ராஸ்கோப்பில் கட்டியைப் பார்க்கும் டாக்டர் உங்கள் ஆளைப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிவது சாம்பிளோடு வரும் ரிக்வெஸ்ட் படிவத்தில் இருப்பது மட்டும். எங்கள் படிவத்தில் "லெஃப்ட் ரீனல் மாஸ், 38, ஆண்" என்று இருந்தது. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவர் பாப்பில்லரி என்று எழுதியதை இப்போது நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை.

படிவத்தில் இல்லாமல் போன விஷயம் என் நாத்தனாரிடம் இருந்தது. அவருக்கு 29 வயதில் கர்ப்பப்பைக் கட்டிகள் நிறைய இருந்து, 33 வயதில் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். இது என் மாமியாருக்குத் தெரியும், எனக்கு அரைகுறையாகத் தெரியும். கூடப் பிறந்த தம்பியான என் கணவருக்கு "அக்காவுக்கு ஏதோ வயித்து ஆபரேஷன்" என்ற அளவில்தான் தெரியும். நம் வீடுகளில் இதையெல்லாம் ஆண்களிடம் யார் சொல்கிறார்கள்? போதாததற்கு, என் கணவரின் தோள்பட்டையில் பட்டாணி அளவில் ஏழெட்டுச் சிவந்த முண்டுகள் பல வருடமாக இருந்தன. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று வலிக்கும் என்பார். கொழுப்புக் கட்டி என்று விட்டுவிட்டோம்.

சின்ன வயதிலேயே கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு, தோலில் வலிக்கும் முண்டு, கிட்னியில் கட்டி. இந்த மூன்றும் ஒரே குடும்பத்தில் இருந்தால் எந்த பேத்தாலஜிஸ்டும் எஃப்எச் மரபணுவைத்தான் முதலில் சந்தேகிப்பார். மூன்றும் எங்கள் வீட்டில் இருந்தன, ஆனால் மூன்று வேறு வேறு டாக்டர்களின் ஃபைல்களில் இருந்தன.

எனவே அறுவைக்கு முன்பே ஒரு தாளில் இவற்றை எழுதி, ஒரு பிரதியைச் சர்ஜனிடமும் ஒன்றைச் சாம்பிளோடும் கொடுங்கள்:

- வயது, எந்தப் பக்கம், ஸ்கேனில் கட்டியின் அளவு, ஒன்றா பலவா
- இதற்கு முன் வேறு கட்டி, புற்றுநோய், கீமோ, டயாலிசிஸ் உண்டா (சிறு வயதில் கீமோ எடுத்தவர்களுக்கு வரும் கட்டியில், டிஎஃப்இ3 என்ற மரபணு இடம் மாறி வரும் வகையையும் நினைக்க வேண்டியிருக்கும்)
- வலிப்பு, தோல் முண்டு, நுரையீரலில் காற்று கசிந்து சுருங்கியது, ரத்தக் கொதிப்பு போன்ற பழைய உபாதைகள்
- பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள், பெரியப்பா சித்தப்பா அத்தை மாமா சித்தி வரை யாருக்கு எந்த வயதில் என்ன கட்டி. பெண்களின் கர்ப்பப்பை அறுவைகளைக் கட்டாயம் கேட்டு எழுதுங்கள்

கடைசியில் சொன்னதை வீட்டின் மூத்த பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும்.

## 3. ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

பெரிய சாம்பிளுக்கு ஐந்து முதல் எட்டு வேலை நாள் ஆகும். வந்ததும் நோயின் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஆளின் பெயரைப் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் ஒரு பெரிய தொல்லை. ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், மருத்துவமனையில் இனிஷியலோடு நிற்கும், லேபில் இனிஷியலே இருக்காது. இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பிளாக் வாங்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இழுத்தடிப்பார்கள். அன்றைக்கே திருத்தி வாங்கிவிடுங்கள். வலது, இடது சரியா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் நோய் பற்றிய பகுதி. கட்டியின் அளவு, கிட்னியைச் சுற்றியுள்ள கொழுப்புக்கோ சிறுநீரக ரத்தக்குழாய்க்கோ பரவியதா, வெட்டிய ஓரம் சுத்தமா, நிலை என்ன, எத்தனை பிளாக் எடுத்தார்கள் என்று இருக்கும். பிளாக் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு பிளாக்காவது எடுப்பது வழக்கம். ஆறரை சென்டிமீட்டர் கட்டிக்கு இரண்டே பிளாக் என்றால், மிச்சச் சதை இன்னும் லேபில் இருக்கிறதா, கூடுதலாக எடுக்க முடியுமா என்று உடனே கேளுங்கள். ரிப்போர்ட் கொடுத்த சில வாரங்களில் மிச்சச் சதையைக் கழித்துவிடுவார்கள். பிளாக்குகள் மட்டும் பல வருடம் இருக்கும்.

கீழ்க்கண்டவற்றில் எது கண்ணில் பட்டாலும் அடுத்த படிக்குப் போங்கள்:

- "ஐ.எச்.சி. அட்வைஸ்டு", "சஜஸ்டிவ் ஆஃப்" (இப்படித் தோன்றுகிறது), "அன்கிளாசிஃபைடு" (வகை பிரிக்க முடியவில்லை) போன்ற சொற்கள்
- "பாப்பில்லரி டைப் 2". உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் பாப்பில்லரியை டைப் 1, டைப் 2 என்று பிரிப்பதையே கைவிட்டுவிட்டார்கள். டைப் 2 என்ற பையில் வேறு பல வகைகள் கலந்து கிடந்ததுதான் காரணம்
- "கலெக்டிங் டக்ட் கார்சினோமா". எஃப்எச் குறைபாட்டு வகை இந்தப் பெயரிலும் ஒளிந்துகொள்ளும்
- நோயாளிக்கு வயது 45-க்குள், அல்லது இரண்டு கிட்னியிலும் கட்டி, அல்லது நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தில் ஏதாவது பொறி தட்டுகிறது

## 4. பிளாக்கும் ஸ்லைடும் வாங்குவது

கட்டியிலிருந்து எடுத்த சின்னத் துண்டுகளை மெழுகில் பதித்து வைத்திருப்பது பிளாக். அதை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றியது ஸ்லைடு. செகண்ட் ஒப்பீனியன் என்றால் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை இன்னொரு டாக்டரிடம் காட்டுவது என்று நினைத்திருந்தேன். ஜெராக்ஸை வைத்து யாரும் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது. பிளாக் வேண்டும்.

கொண்டு போக வேண்டியவை: நோயாளி கையெழுத்திட்ட விண்ணப்பம், அவருடைய ஆதார் நகல், வாங்கப் போகிறவரின் ஆதார் நகல், நோயாளி வரவில்லையென்றால் "இவரிடம் கொடுக்கச் சம்மதம்" என்று ஒரு வரி, ரிப்போர்ட் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி நகல், முடிந்தால் "ஸ்லைடு, பிளாக் ரிவ்யூ தேவை" என்று எந்த டாக்டராவது எழுதிய சீட்டு. விண்ணப்பத்தில் பேத்தாலஜி எண்ணை மறக்காமல் எழுதுங்கள். ரிப்போர்ட்டின் மேல் மூலையில் இருக்கும். ஐ.பி. எண் வேறு, இது வேறு. நான் ஐ.பி. எண்ணோடு போய் ஒரு முழு நாளை விட்டேன்.

மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன. சம்மரி, ரிப்போர்ட், ஆபரேஷன் நோட் ஆகியவற்றுக்கு இதைச் சொல்லிக் கேட்கலாம். பிளாக் விஷயத்தில் விதி பேசுவதைவிட லேப் டாக்டரையே நேரில் பார்ப்பது பலன் தரும். கவுன்ட்டரில் "பிளாக் தரமாட்டோம்" என்று மூன்று தடவை சொன்னார்கள். லேப் டாக்டர் இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 2,000 ரூபாய் டெபாசிட் கட்டினோம், திருப்பிக் கொடுத்தபோது கிடைத்தது.

இப்போது நான் விழுந்த பள்ளம். முதலில் பிளாக் தர மறுத்து, "சாயம் ஏற்றாத ஸ்லைடு பத்து சீவித் தருகிறோம்" என்று 1,500 ரூபாய் வாங்கினார்கள். சரி என்று கொண்டு போனேன். ஐ.எச்.சி. செய்யும்போது ஸ்லைடைக் கொதிக்கிற கரைசலில் சூடேற்றுவார்கள். அதற்குத் தாங்கும்படி பசைப் பூச்சுள்ள கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது சாதாரணக் கண்ணாடி. சீவல்கள் பெயர்ந்து மிதந்து போய்விட்டன. பதினோரு நாள் காத்திருந்து கிடைத்த பதில் "மறுபடி பிளாக் கொண்டு வாருங்கள்". சாயம் ஏற்றாத ஸ்லைடுதான் தருவோம் என்று அடம் பிடித்தால், "பாலி-எல்-லைசின் அல்லது சார்ஜ்டு ஸ்லைடில் தாருங்கள்" என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

எல்லா பிளாக்கையும் வாங்கி வர வேண்டாம். கட்டி நன்றாக இருக்கும் இரண்டு மூன்று, அதில் ஒன்றில் பக்கத்து நல்ல சதையும் இருக்கட்டும் என்று லேப் டாக்டரிடமே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சாயம் ஏற்றிய ஸ்லைடு மட்டும் முழு செட்டாக வாங்குங்கள். எண்களை ஒவ்வொன்றாக எழுதிய ரசீதை போட்டோ எடுத்து வையுங்கள்.

## 5. எங்கே கொடுப்பது

வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் புற்றுநோய் பேத்தாலஜிக்கென்றே அனுபவப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பெரிய தனியார் லேபுகளும் உண்டு. இடத்தின் பெயரைவிட, நீங்கள் போனில் கேட்க வேண்டிய கேள்விகள் முக்கியம்:

சிறுநீரகக் கட்டிகளை மட்டும் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட் உண்டா? எஃப்எச், எஸ்டிஎச்பி, டிஎஃப்இ3 ஆகிய மூன்று மார்க்கர்களும் (அபூர்வ வகைகளைப் பிரித்துக் காட்டும் ஐ.எச்.சி. சாயங்கள்) உங்களிடமே இருக்கின்றனவா, வெளியில் அனுப்புவீர்களா? நோயாளி நேரில் வந்து பதிவு எண் போட வேண்டுமா, உறவினர் போதுமா?

"கிட்னி பேனல்" என்று ஒரு பாக்கேஜ் சொல்வார்கள். அதில் பெரும்பாலும் சிகே7, சிடி117, சிஏ9, பேக்ஸ்8, வைமென்டின், ஏஎம்ஏசிஆர் இருக்கும். பழக்கமான மூன்று வகைகளைப் பிரிக்க இவை போதும். அபூர்வ வகையைப் பிடிக்கும் மார்க்கர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் ஆறுக்கும் காசு கொடுத்துவிட்டு ஆரம்பித்த இடத்திலேயே நிற்போம்.

## 6. கொண்டு போகும் வழி

பிளாக்குக்கு ஐஸும் வேண்டாம், ஃபார்மலினும் வேண்டாம். அது மெழுகு. 56 டிகிரிக்கு மேல் உருகும். பங்குனி, சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஸ்லைடை லேபில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஸ்லைடுப் பெட்டியில் வையுங்கள், காகிதத்தில் சுற்றினால் உடையும். நான் டிபன் பாக்ஸுக்குள் பஞ்சு வைத்து ரயிலில் மடியிலேயே கொண்டு போனேன். கூரியரில் அனுப்பினால் பிளாக்கையும் ஸ்லைடையும் தனித்தனிப் பார்சலாக, இரண்டு வேறு நாளில் அனுப்புங்கள். ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும்.

கூடவே போக வேண்டியவை: நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கம், முதல் ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் நோட்.

## 7. ஐ.எச்.சி.யில் என்ன நடக்கிறது

ஒவ்வொரு மார்க்கரும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடித்துப் பழுப்பு நிறம் காட்டும். சில வகையில் நிறம் வந்தால் நோய், சில வகையில் நிறம் வராவிட்டால் நோய். எஃப்எச் இரண்டாவது ரகம்.

எஃப்எச் என்பது செல்லுக்குள் சர்க்கரையை எரிக்கும் சுழற்சியில் ஃபூமரேட் என்ற பொருளை அடுத்த பொருளாக மாற்றும் நொதி. நொதி இல்லாமல் போனால் ஃபூமரேட் தேங்கும். தேங்கியது மற்றப் புரதங்களில் போய் ஒட்டிக்கொண்டு 2எஸ்சி என்ற அடையாளத்தை விடும். ஆக எஃப்எச் நிறம் இல்லை, 2எஸ்சி நிறம் உண்டு என்றால் விடை கிடைத்த மாதிரிதான்.

எங்கள் ஸ்லைடை டீச்சிங் மைக்ராஸ்கோப்பில் எனக்கும் காட்டினார் ரிவ்யூ செய்த அந்த இரண்டாவது டாக்டர். செல்லின் கருவுக்குள் வெளிறிய வட்டம், அதன் நடுவே குங்குமப் பொட்டு வைத்த மாதிரி ஒரு சிவந்த புள்ளி. "இதைப் பார்த்ததும் எஃப்எச் நினைவு வர வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இருக்காது" என்றார். எஃப்எச் மார்க்கர் போட்டதில் ரத்தக்குழாய்ச் சுவரெல்லாம் பழுப்பு, கட்டி மட்டும் வெள்ளை.

ரத்தக்குழாய் பழுப்பாக இருப்பது முக்கியம். நல்ல செல்களுக்கும் நிறம் வரவில்லையென்றால் சோதனையே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சரியாகப் பதப்படாத சதையில் இப்படி ஆகும். "இன்டர்னல் கன்ட்ரோல் பாசிட்டிவ்" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. மரபணுவில் சில வகைப் பிழைகளில் புரதம் வேலை செய்யாது, ஆனால் இருக்கும். அப்போது எஃப்எச் நிறம் காட்டிவிடும். குடும்பக் கதை பலமாக இருந்தால் "நிறம் வந்துவிட்டது, எஃப்எச் இல்லை" என்று முடித்துவிடாமல் 2எஸ்சி அல்லது மரபணுச் சோதனை கேளுங்கள். எல்லா லேபிலும் 2எஸ்சி இருக்காது. டிஎஃப்இ3 வகையில் நேர்மாறான சிக்கல். பதப்படுத்தலில் கோளாறு இருந்தால் பொய்யாகவும் நிறம் வரும். அதனால், மரபணு இடம் மாறியிருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தில் பார்க்கும் ஃபிஷ் என்ற சோதனையில் உறுதி செய்வார்கள். அதே குரோமோசோமுக்குள்ளேயே மரபணு இடம் மாறியிருந்தால் ஃபிஷ்ஷிலும் தப்பிப் போவது உண்டு. அப்போது ஆர்.என்.ஏ. வரிசைச் சோதனைதான் கைகொடுக்கும்.

எங்களுக்கு ஆறு மார்க்கர், ஒன்றுக்கு 1,600 வீதம் 9,600 ரூபாய். ரிவ்யூ கட்டணம் 2,500. பிளாக் கொடுத்த பதினான்காம் நாள் கையெழுத்தான ரிப்போர்ட் வந்தது. எல்லா மார்க்கரையும் ஒரே தடவையில் போடச் சொல்லாதீர்கள். இரண்டு கட்டமாகப் போட்டால் சில நாள் கூடும், ஆனால் தேவையில்லாததற்குக் காசு போகாது, பிளாக்கில் உள்ள சதையும் மிஞ்சும். மரபணுச் சோதனைக்கு அந்தச் சதை தேவைப்படலாம்.

## 8. மரபணுச் சோதனை

எஃப்எச் குறைபாட்டுக் கட்டி என்றால் பாதி வேலைதான் முடிந்தது. அந்தப் பிழை பிறவியிலேயே உடம்பு முழுக்க இருக்கிறதா, கட்டியில் மட்டும் வந்ததா என்று தெரிய ரத்தம் கொடுக்க வேண்டும். பிறவியில் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்க இரண்டில் ஒரு வாய்ப்பு. கூடப் பிறந்தவர்களுக்கும் அதே கணக்குதான். மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டு ரத்தம் கொடுங்கள், முடிவு வந்தபிறகு பார்ப்பது தலைகீழ்.

எங்களுக்கு ஆன செலவு 18,500. நான்கு வாரம் ஆயிற்று. ஒருவரிடம் பிழை எதுவென்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், மலிவாக முடியும். நாத்தனாருக்கு 4,500 ஆயிற்று. அதனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து போய் ஒரே நாளில் முழுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிடாதீர்கள்.

பிழை இருந்தாலே கிட்னியில் கட்டி வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் வந்தால் சின்ன அளவிலேயே பரவக்கூடிய ரகம் என்பதால், வருடம் ஒரு முறை கிட்னி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். சாதா அல்ட்ராசவுண்டில் சின்னக் கட்டி தப்பிவிடும். பிள்ளைகளுக்கும் எட்டு, பத்து வயதிலிருந்தே இந்தக் கண்காணிப்பு. எங்கள் மகனுக்கு வயது ஒன்பது. அவனுக்கு அடுத்த மாதம் ரத்தம் கொடுக்கிறோம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மா, அப்பா இருவரிடமும் எஃப்எச் பிழை இருந்து, இரண்டும் குழந்தைக்கு இறங்கினால் அது வேறு நோய். பிறந்த சில மாதங்களிலேயே மூளை வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிக்கும். மாமன் மகள், அத்தை மகன் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் வீடு என்றால் இதை ஆலோசகரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சு இருந்தது. நாத்தனாரே ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டார்.

## 9. பணம், இன்சூரன்ஸ், தேதி

முதல் பேத்தாலஜி 3,200. வீணாய்ப் போன ஸ்லைடு 1,500. ரிவ்யூ 2,500. ஐ.எச்.சி. 9,600. மரபணு 18,500, நாத்தனாருக்கு 4,500. மொத்தம் 39,800, ரயில் செலவு தனி. இது எங்கள் கணக்கு, இடத்துக்கு இடம் கூடும் குறையும். ரிவ்யூவுக்குக் கொடுக்கும்போதே எந்த மார்க்கருக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியில் "போஸ்ட் ஹாஸ்பிடலைசேஷன்" எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். பொதுவாக 60 அல்லது 90 நாள், டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து. அதற்குள் போட்ட பில்தான் செல்லும். எங்களுக்கு 60. ஐ.எச்.சி. பில் உள்ளே வந்தது, மரபணுச் சோதனை பில் நான்கு நாள் தாண்டிவிட்டது. 18,500 எங்கள் கையைக் கடித்தது. ஒவ்வொரு சோதனைக்கும் டாக்டர் சீட்டு வேண்டும், சீட்டின் தேதி பில் தேதிக்கு முந்தினதாக இருக்க வேண்டும். பில்லில் நோயாளி பெயர் பாலிசியில் உள்ளபடியே இருக்கட்டும். நாத்தனாரின் சோதனை அவர் கணக்கு, இதில் சேராது.

"இது மரபணு நோய், கிளெய்ம் கிடையாது" என்று பதில் வந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். மரபணு நோய் என்ற ஒரே காரணத்தால் கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2018-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எழுத்தில் மறுப்பு வாங்கி, அதைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யுங்கள்.

## 10. புது ரிப்போர்ட்டோடு என்ன செய்வது

முதலில் உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் கொடுத்து, டியூமர் போர்டில் (பல துறை டாக்டர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டம்) வைக்கச் சொல்லுங்கள். எஃப்எச் வகை பரவியிருந்தால் கொடுக்கும் மருந்துச் சேர்க்கையே வேறு (பெவாசிசுமாப், எர்லோட்டினிப் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அதில் ஒன்று), பரவாவிட்டாலும் ஸ்கேன் இடைவெளி மாறும். தொலைவில் இருப்பவர்கள், புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பான நேஷனல் கேன்சர் கிரிட்டின் நவ்யா என்ற சேவை மூலம் ஆன்லைனில் நிபுணர் கருத்துக் கேட்கலாம். ஆனால் அது கொடுத்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்லும் கருத்து. பேத்தாலஜி சரியாக முடிந்தபிறகு கேட்டால்தான் பயன்.

அப்புறம் முதல் லேபுக்கும் ஒரு நகல் கொண்டு போங்கள். சண்டைக்கு இல்லை, அவர்கள் பதிவேட்டில் திருத்தம் போட. நான் கொண்டு போனபோது அந்த லேப் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "அக்காவோட ஃபைப்ராய்டு விஷயம் அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நானே எஃப்எச் கேட்டிருப்பேம்மா" என்றார். அடுத்த முறை போனபோது அவர்கள் ரிக்வெஸ்ட் படிவத்தில் "குடும்ப வரலாறு" என்று புதிதாக ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விடாதீர்கள்.

பிளாக்கைத் திருப்பிக் கொடுத்து, டெபாசிட்டையும் எண்கள் எழுதிய ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில்தான் வைத்துக்கொள்வேன் என்றால் அடுப்படிக்கும் ஃபிரிட்ஜ் மேல்புறத்துக்கும் தள்ளி, பீரோவின் கீழ்த்தட்டில், பெயரும் பேத்தாலஜி எண்ணும் எழுதிய டப்பாவில் வையுங்கள்.